மிலிட்டரி டீச்சர் வீட்டு டீ

எதிரே உட்கார்ந்து டீ குடிப்பவரின் தொண்டைக்குழியையே மீனம்பாள் டீச்சர் பார்த்துக்கொண்டிருப்பார். அது ஒருமுறை ஏறி இறங்க வேண்டும். இறங்கினால்தான் குடித்ததாக ஒப்புக்கொள்வார். பள்ளிக்கூடத்தில் குடற்புழு மாத்திரை கொடுக்கும் நாட்களில் வந்த பழக்கம் இது. மாத்திரையை நாக்குக்கடியில் ஒதுக்கிக்கொண்டு, "முழுங்கிட்டேன் டீச்சர்" என்று வாயைத் திறந்து காட்டும் பிள்ளைகளை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். அதனால் வாயை நம்ப மாட்டார். தொண்டையைத்தான் நம்புவார்.

இப்போது அவர் முன்னால் உட்காருகிறவர்கள் பிள்ளைகள் இல்லை. ஒருவர் ஓய்வுபெற்ற துணைத் தாசில்தார். ஒருவர் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். இன்னொருவர் நெல் மண்டி வைத்திருக்கும் அரங்கநாதன், குடியிருப்போர் நலச்சங்கத்தின் செயலாளர். மூவருக்கும் வேண்டியது டீ அல்ல, பாட்டில். முன்னாள் ராணுவத்தினர் குடும்பத்துக்குக் கேன்டீனில் மாதாமாதம் கிடைக்கும் சரக்கு. அது டீச்சர் வீட்டு பீரோவில் இருக்கிறது. டீச்சரின் விதி எல்லோருக்கும் தெரியும்: "மொதல்ல உள்ள வாங்க. உக்காருங்க. டீ குடிங்க. அப்பறம் பாட்டில்."

அந்த பாட்டில்களை வாங்க சேத்துப்பட்டு, ஆரணி என்று பஸ் மாறி வேலூர் வரை போய்வருகிறார். குடி குடும்பத்துக்குக் கேடு என்று வேலை பார்த்த பள்ளிகளின் சுவரிலெல்லாம் தன் கையாலேயே எழுதிப்போட்டவர் அவர். பாட்டில்கள் ஒன்றோடொன்று இடிக்காமல் இருக்க நடுநடுவே பழைய புடவைத் துணியைச் செருகியிருப்பார். பழைய மாணவன் யாராவது எழுந்து இடம் கொடுத்து, பையை வாங்கக் கை நீட்டினால், "வேணாம்பா, கண்ணாடி சாமான்" என்பார். டீச்சர் பொய் சொல்ல மாட்டார்.

அவருடைய கணவர் இளையபெருமாள் ஹவில்தாராக ஓய்வுபெற்றவர். ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவர் மிலிட்டரி, அதனால் இவர் மிலிட்டரி டீச்சர். கல்யாண மாலை காய்வதற்குள் ரயிலேறிய மனிதர், அதற்கப்புறம் ஓய்வுபெறும் வரை வருடத்துக்கு இரண்டு மாதம் மட்டும் கணவராக இருந்தார். மீதி மாதங்களுக்கு டீச்சரே அப்பாவும் அம்மாவும். தொண்டூர்ப் பக்கம் ஒரு பள்ளி, பனமலையில் ஒரு பள்ளி, வல்லம் ஒன்றியத்தில் இரண்டு என்று மாற்றல் வந்துகொண்டே இருந்தது. இடுப்பில் பிள்ளையும் கக்கத்தில் விடைத்தாள் கட்டுமாக அவர் டவுன் பஸ் பிடித்தது வேறு கதை.

லீவில் கணவர் வரும்போது கறுப்பு இரும்புப் பெட்டி ஒன்றும் கூடவே வரும். பஸ்ஸிலிருந்து அதை இறக்க நாலு பேர் ஓடிவருவார்கள். கைக்குழந்தையை வாங்குவது போல அலுங்காமல் வாங்குவார்கள். அவர் வருவதற்கு ஒரு மாதம் முன்பே பள்ளிக்கூட வாசலில் நின்று, "மிலிட்டரி எப்ப வராரு டீச்சர்?" என்று அக்கறையாக விசாரிப்பார்கள். வரப்போவது மனிதரா பெட்டியா என்பதில் ஊருக்குக் குழப்பமே இருந்ததில்லை. டீச்சருக்கும் இல்லை. கணவருக்கு அது தெரிந்திருந்ததா என்பதுதான் கடைசிவரை அவருக்குத் தெரியாமல் போயிற்று.

கார்கில் சண்டை நடந்தபோது இளையபெருமாள் ஜபல்பூரில் ஒரு கிடங்கில் கம்பளி அடுக்கிக்கொண்டிருந்தார். ஊர் அவரைப் பனிமலை உச்சியில் நிறுத்திவைத்து, லீவில் வந்தபோது மாலை போட்டது. அவர் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. "கோயீ பாத் நஹீ" என்றார். பரவாயில்லை என்று அர்த்தம். எதற்கும் அதைத்தான் சொல்வார். மாலை போட்டவரிடம் சொன்னதையே, டீக்கடையில் தனி கிளாஸை நீட்டியவரிடமும் சொன்னார். டீச்சர் அவரிடமிருந்து இந்தி கொஞ்சம் கற்றுக்கொண்டார். இந்த ஒரு வாக்கியம் மட்டும் அவர் வாயில் வரவே இல்லை.

ஒரு மே மாத விடுமுறைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஜபல்பூர் போய் ராணுவக் குடியிருப்பில் தங்கியிருந்தார். போய் இறங்கிய மறுநாளே பக்கத்து வீட்டுப் பஞ்சாபிப் பெண் கதவைத் தட்டாமல் உள்ளே வந்து, அடுப்பில் இருந்த ரசத்தைக் கரண்டியால் எடுத்துக் குடித்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அங்கேயும் சொர்க்கம் ஒன்றும் இறங்கியிருக்கவில்லை. தண்ணீர்க் குழாயில் தினமும் சண்டைதான். ஆனால் எல்லோரும் எந்த மாநிலம் என்று கேட்டார்கள், எந்தத் தெரு என்று கேட்கவில்லை. அந்த ஒரு மாதத்தைப் பற்றி டீச்சர் இப்போதும், வெளிநாடு போய்வந்தவர்கள் பேசுவது போலத்தான் பேசுவார்.

ஓய்வுக்குப் பிறகு இருவரும் செஞ்சியில் மனை வாங்கினார்கள். திண்டிவனம் சாலையில் ஃபோர்ட் வியூ நகர். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்றால் ராஜகிரி உச்சி கட்டைவிரல் நகம் அளவுக்குத் தெரியும். கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பிறகு இப்போது அந்த நகத்துக்கும் சேர்த்து விலை ஏறிவிட்டது. அன்று மனை விற்றவர், ராணுவ அதிகாரியே இங்கே வாங்கியிருக்கிறார் என்று நோட்டீஸ் அடித்தார். நகரமே மிலிட்டரிக்கு வணக்கம் வைத்தது. புதுமனை புகுவிழாவில் துணைத் தாசில்தார்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"சாருக்குச் சொந்த ஊர்?"

இளையபெருமாள் ஊர்ப்பெயரைச் சொன்னார்.

"அதுல எந்தப் பக்கம்?"

"காலனிப் பக்கம்" என்றார் அவர், பக்கத்து பஸ் நிறுத்தத்துக்கு வழி சொல்வது போல.

அதற்கப்புறமும் வணக்கம் நிற்கவில்லை. கேட்டோடு நின்றுகொண்டது. மாலை மங்கும் நேரத்தில் கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டர்கள் வந்து நிற்கும். "மிலிட்டரி சார்" என்று குரல் வரும். அவர் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு போய்க் கொடுப்பார். கேன்டீன் விலைக்கு மேல் ஒரு பைசா வாங்கியதில்லை. வந்தவர்கள் கேட்டுக்குள் ஒரு காலடி வைத்ததில்லை. அந்த வீட்டுத் தண்ணீரைத் தொடாதவர்கள், அந்த வீட்டு பாட்டிலை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டு போனார்கள். அதில் மூடி சீல் உடையாமல் இருக்கிறது, ஆகவே தீட்டு உள்ளே போயிருக்க வழியில்லை என்று அவர்களுக்குள் ஏதோ ஒரு விஞ்ஞானம் இருந்திருக்க வேண்டும்.

போன வருடம் ஒரு விடியலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த இளையபெருமாள் பிறகு எழவில்லை. பதினாறாம் நாள் ஒரு மண்டபத்தில் படத்திறப்பு வைத்தார்கள். நகரமே திரண்டு வந்து நாட்டுக்கு அவர் செய்த தொண்டைப் பேசியது. கார்கில் மறுபடியும் நடந்தது. பேசி முடித்து, டீச்சரின் உறவுக்காரர்கள் இலை போட்டதும், ஃபோர்ட் வியூ நகர் முழுவதற்கும் ஒரே நேரத்தில் சர்க்கரை நோய் வந்தது. சர்க்கரை வராதவர்களுக்கு வயிறு சரியில்லை. மற்றவர்களுக்கு விரதம். ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலைத் திறந்து நாலு மடக்கு குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். அன்று மீந்த சோற்றை மூன்று நாளைக்குக் காலனியில் சாப்பிட்டார்கள்.

அதோடு ஸ்கூட்டர்கள் வருவதும் நின்றுபோயிற்று. மிலிட்டரி போய்விட்டார், கோட்டாவும் போயிருக்கும் என்று நகரம் முடிவு செய்துவிட்டது. சில மாதம் கழித்து, கேன்டீன் கார்டு விதவை பெயருக்கு மாறும் என்கிற சட்டத்தை இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் எங்கிருந்தோ கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். கேட்டுக்கு வெளியே நின்று டீச்சரின் உடம்பை விசாரித்தார். முட்டிவலியை விசாரித்தார். பையன் வேலையை விசாரித்தார். கடைசியில் கார்டை விசாரித்தார்.

"மாத்திட்டேன்" என்றார் டீச்சர். "கேட்ல நின்னு இன்னா பேச்சு? உள்ள வாங்க. டீ போடறேன்."

"எனக்கு சுகர் டீச்சர்."

"சக்கர போடாம போடறேன்."

இப்படித்தான் விதி வந்தது. டீச்சர் உட்கார்ந்து யோசித்துச் செய்ததில்லை. ஆனால் ஒருமுறை வந்துவிட்டால் விதி எல்லோருக்கும் பொது. விரதம் என்று சொன்னவரிடம், விரதத்தில் பாட்டில் வாங்கினால் சாமி குத்தமாகாதா என்று சந்தேகம் கேட்டார். நகரம் ஒவ்வொருவராக உள்ளே வந்து உட்கார்ந்தது.

உட்கார்ந்தவர்கள் சும்மா குடித்துவிடவில்லை. துணைத் தாசில்தார் எப்போதும் ஜன்னலோர நாற்காலியைத்தான் பிடிப்பார். ஜன்னலுக்கு வெளியே குரோட்டன்ஸ் தொட்டி. அதில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்த டீச்சர், தொட்டியை நகர்த்தவில்லை, நாற்காலியை நகர்த்தினார். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் கொதிக்கக் கொதிக்க ஒரே மடக்கில் ஊற்றிக்கொண்டு, கண்ணில் தண்ணீரோடு பாட்டிலுக்குக் கை நீட்டுவார்.

எல்லோரையும்விட அரங்கநாதன் கெட்டிக்காரர். முதல் தடவையே பேப்பர் கப் பாக்கெட் ஒன்றோடு வந்தார். "ஒங்களுக்குத்தான் டீச்சர். ஒத்த ஆளா கிளாஸ் கழுவினு எதுக்குக் கஷ்டப்படணும்? குடிச்சமா, தூக்கிப் போட்டமான்னு இருக்கலாம்." டீச்சர் நன்றி சொல்லி வாங்கி, அதிலேயே டீ ஊற்றிக் கொடுத்தார். அவர் போன பிறகு அந்தக் கப்பைக் கழுவி, எவர்சில்வர் டம்ளர்களோடு வரிசையாகக் கவிழ்த்துவைத்தார். அடுத்த மாதம் அதே கப்பில் டீ வந்தது. அடி ஊறி, வேட்டியில் சொட்டியது. அதற்கடுத்த மாதம் அரங்கநாதன், "டம்ளர்லயே குடுங்க டீச்சர்" என்று தானே கேட்டு வாங்கிக் குடித்தார். தொண்டைக்குழி ஏறி இறங்கியது. டீச்சர் எழுந்து பீரோவைத் திறந்தார்.

அரங்கநாதனின் மனைவி ராஜம்மாள் வேறு ரகம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் மார்பளவு சுவர். சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் தன் பக்கம் ஒரு ஹாலோ பிளாக் கல்லைப் போட்டு ஏறி நிற்பார். டீச்சர் இந்தப் பக்கம் நிற்பார். முட்டிவலி, கரன்ட் கட், சீரியலில் மாமியார் செய்த அட்டூழியம், மகள் கவிதாவுக்கு வந்து தட்டிப்போன வரன்கள் என்று இருட்டும் வரை பேசுவார்கள். இப்படி எட்டு வருடம். கணவர் இறந்த பிறகு டீச்சர் ஒரு நாளில் வாய்விட்டுப் பேசுவதே அந்த ஒரு மணி நேரம்தான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பலகாரம் வரும். இந்தப் பக்கமிருந்து எதுவும் போனதில்லை. போனால் அது அங்கே என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டியிருக்கும்.

பதினாறாம் நாள் ராஜம்மாளும் வந்திருந்தார். டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு, "எனக்கு இன்னிக்கி விரதம் டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார். மற்றவர்கள் சொன்னதை டீச்சர் மறந்துவிட்டார். இது மட்டும் நின்றுவிட்டது. அதனால் நகரத்து ஆண்களுக்கெல்லாம் கறாராகப் பரீட்சை வைத்தவர், ராஜம்மாளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர்கூட நீட்டிப் பார்க்கவில்லை. துணைத் தாசில்தார் பெயிலானால் போகட்டும். ராஜம்மாள் பெயிலாகிவிட்டால் ஆறு மணிக்கு யாரோடு பேசுவது?

ஓசூரில் வேலை பார்க்கும் மகன் அன்புச்செல்வன் ஒருநாள் போனில் கேட்டான். நகரத்தில் யார் யார் டீ குடித்தார்கள் என்று டீச்சர் பெருமையாக வரிசைப்படுத்திக்கொண்டிருந்த நேரம்.

"ஏம்மா, அவங்க குடிக்கறது உன் டீயவா, நைனா பாட்டிலயா?"

"தொண்டையில எறங்குதா இல்லியா?"

"பாட்டில் இல்லன்னா எறங்குமா?"

டீச்சர், கரன்ட் போய்விட்டது என்று சொல்லி போனை வைத்தார். மின்விசிறி தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தது. பொய் சொல்லாதவருக்கு அன்று சொல்ல வேண்டிவந்தது. பையன் கேட்டது நியாயமான கேள்வி. பக்கத்தில் பார்த்து எழுதியவனைப் பாஸ் போட்டதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இத்தனை மாதமாக இந்த நாற்காலிகளில் உட்கார்ந்தவர்கள் தன் வீட்டுக்குள் வந்தார்களா, பீரோவுக்குள் வந்தார்களா என்று அவருக்கே சந்தேகமாகிவிட்டது.

முதலாமாண்டு நினைவு நாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. டீச்சர் வீட்டிலேயே சாப்பாடு போடுவதென்று முடிவு செய்து, வீடு வீடாகப் போய் அழைத்தார். ஓசூரிலிருந்து வந்த அன்புச்செல்வன், ஐயர் கேட்டரிங் சொல்லிவிட்டால் யாரும் வாய் திறக்க முடியாது என்று யோசனை சொன்னான்.

"அப்ப ஐயர் கையால சாப்டதா ஆயிடும். நம்ம வூட்ல சாப்டதா ஆவாது. நான்தான்டா சமைக்கணும்."

சமையலை ஒரு வினாத்தாள் போலத் தயார் செய்தார். எந்தக் கேள்விக்கும் தப்பிக்க வழி இருக்கக் கூடாது. கறி கிடையாது, ஆகவே விரதக்காரர் சாப்பிடலாம். பாயசம் கிடையாது. அரிசிச் சோற்றுக்குப் பதில் சாமைச் சோறு, ஆகவே சர்க்கரைக்காரரும் சாப்பிடலாம். வயிறு சரியில்லாதவருக்கு மிளகு ரசம், மோர். அமாவாசை, கிருத்திகை எதுவும் அன்று இல்லை என்று காலண்டரைப் பார்த்து உறுதி செய்துகொண்டார்.

ராஜம்மாளை மட்டும் அழைக்கவில்லை. அழைப்பை அரங்கநாதனிடம் கொடுத்து, குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார், அவ்வளவுதான். சனிக்கிழமை சாயங்காலம் சுவரோரம் ராஜம்மாள் சமையல் என்னவென்று கேட்டார். டீச்சர் சொன்னார். "சாமையா? ஒடம்புக்கு நல்லதாச்சே" என்ற ராஜம்மாள் கல்லைவிட்டு இறங்காமல் நின்றார். டீச்சர் வாயைத் திறந்து, வாங்க என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய இடம் அது. முப்பது வருடத்துக்கு மேல் நாற்பது பிள்ளைகளுக்கு நடுவே நின்று சத்தமாகப் பேசியவர் அன்று சுற்றிவளைத்தார். "ஒங்க வூட்டுக்காரர்கிட்ட சொல்லிருக்கேன்" என்றார். "ம்" என்றார் ராஜம்மாள். பிறகு சீரியலுக்கு நேரமாகிவிட்டது என்று இருவருக்கும் ஒரே சமயத்தில் ஞாபகம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை டீச்சர் செய்த காரியத்தைப் பார்த்து அன்புச்செல்வன் தலையில் கைவைத்துக்கொண்டான். அந்த மாதத்துப் பாட்டில்கள் எல்லாவற்றையும் பீரோவிலிருந்து எடுத்து, கேட்டிலேயே வைத்து, வழக்கமாக வாங்குகிறவர்களை போனில் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டார். டீ கிடையாது. நாற்காலி கிடையாது. காசும் வாங்கவில்லை.

"இப்பவே குடுத்துட்டா மதியானம் எவன்மா வருவான்?"

"அதத்தான்டா பாக்கணும்."

பாட்டிலை வாங்கிய எல்லோரும் மதியம் கட்டாயம் வருவதாகச் சொன்னார்கள். துணைத் தாசில்தார் கண் கலங்கினார். "மிலிட்டரி சாருக்கு நாங்க செய்யாம வேற யாரு டீச்சர் செய்வா?"

முதல் பந்தியில் காலனியிலிருந்து வந்த உறவுக்காரர்கள் சாப்பிட்டு எழுந்தார்கள். இரண்டாம் பந்திக்குக் கூடத்தில் நகரத்துக்காரர்களுக்கென்று இலை போட்டார் டீச்சர். அவர்களும் சொன்னபடி வந்தார்கள். வந்து, படத்துக்கு மாலை போட்டு, கண்ணை மூடி நின்றார்கள். துணைத் தாசில்தாருக்குக் காலையில் இல்லாத சர்க்கரை மதியத்துக்குள் ஏறியிருந்தது. சாமைச் சோறு என்று டீச்சர் சொன்னதும், சாமைக்குத்தான் தனக்கு ரொம்ப ஏறுகிறது என்றார். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் முன்னேறியிருந்தார். "டயட்ல இருக்கறேன் டீச்சர். பதினாறு மணி நேரம் வாயே தெறக்கக் கூடாதாம்" என்று வாயைத் திறந்து நீண்ட நேரம் விளக்கினார். அரங்கநாதன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மண்டியில் லாரி நிற்கிறது என்றார். போகிற போக்கில், "அவளும் வரல டீச்சர். விரதம்னு சொன்னா" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

கூடத்தில் இலைகள் மட்டும் உட்கார்ந்திருந்தன. டீச்சரின் சித்தி முறையான ஆண்டாள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார். "எல காயுது பாரு மீனா. நாங்களே இன்னொரு வாட்டி உக்காந்துடறமே. எங்களுக்கு ஒரு வியாதியும் கெடையாது."

"இருக்கட்டும் சின்னம்மா."

டீச்சர் கொல்லைப்பக்கம் போனார். கை கழுவ எதுவும் இல்லாமலே குழாயைத் திறந்து கை கழுவினார். முடிவு வந்துவிட்டது. யாரும் பாஸாகவில்லை. இத்தனை மாத டீ வீண். இதில் புதிதாக வருத்தப்பட ஒன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனாலும் குழாயை மூடத் தோன்றவில்லை.

"டீச்சர்."

சுவருக்கு மேல் ராஜம்மாளின் தலை தெரிந்தது. ஆறு மணியாக இன்னும் நேரமிருந்தது.

டீச்சர் குழாயை மூடினார். இதற்கு மேல் இழக்க என்ன இருக்கிறது என்ற எண்ணமா, வெறும் அலுப்பா, அவருக்கே தெரியவில்லை. "சாப்ட வாங்க" என்றார்.

ராஜம்மாள் பின்னால் தன் வீட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எனக்கு சுகர் டீச்சர்" என்றார்.

டீச்சர் தலையை ஆட்டினார். "சரி" என்றார். திரும்பி உள்ளே நடந்தார். அடுப்படியில் நின்று, மீந்த ரசத்தை எந்தப் பாத்திரத்தில் ஊற்றுவது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கேட் திறக்கும் சத்தம் கேட்டது. வெளியே மர நிழலில் ஸ்கூட்டர் மேல் சாய்ந்து பேசிக்கொண்டிருந்த துணைத் தாசில்தாரும் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டும் பேச்சை நிறுத்தினார்கள். பட்டப்பகலில், தெருவழியாகச் சுற்றிக்கொண்டு, கையில் சின்னப் பர்ஸோடு ராஜம்மாள் அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார். முதல் முறையாக வந்தவர், யாரையும் கேட்காமலே நேராகக் கூடத்துக்குள் வந்து நின்றார். சத்தம் கேட்டு டீச்சர் அடுப்படியிலிருந்து வெளியே வந்தார்.

"சுகர்னு சொன்னதும் திரும்பிப் போயிட்டீங்க. முழுசா கேக்க மாட்டீங்களா? இன்னா டீச்சர் நீங்க."

"எல்லாரும் அதத்தான சொன்னாங்க."

"அவங்களுக்கெல்லாம் ஒரு சுகரும் கெடையாது. எனக்குத்தான் இருக்குது. ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சி. கவிதாவுக்கு வரன் பாக்கறப்ப குடும்ப வியாதின்னு பேசுவாங்கன்னு வெளிய சொல்லல. அவருக்கே தெரியாது. ஊசிய பிரிட்ஜ்ல புளி டப்பாக்குள்ள வச்சினு இருக்கேன்."

டீச்சர் அவரையே பார்த்தார். கேட்கக் கூடாது என்று நினைத்ததைக் கேட்டும்விட்டார். "அப்ப பதினாறாம் நாள் விரதம்னு சொன்னது?"

"அன்னிக்கி அவருக்குப் பயந்துனுதான் சாப்புடல. ஒங்ககிட்ட இன்னாத்துக்குப் பொய் சொல்லணும்" என்றார் ராஜம்மாள். மூச்சு வாங்கியது. "இன்னிக்கும் பயமாத்தான் இருக்குது. ஆனா நீங்களும் ஒண்ணும் லேசு இல்ல. குடிக்கற ஆம்பளைங்கள எல்லாம் கூப்டு உக்கார வச்சி டீ குட்த்தீங்க. எட்டு வருஷமா கல்லு மேல ஏறி நிக்கறேன். என்ன ஒரு நாளு உள்ள வான்னு கூப்டீங்களா?"

பதில் தெரியாத பிள்ளை வகுப்பில் என்ன செய்யுமோ அதையே டீச்சர் செய்தார். தரையைப் பார்த்தார்.

"எல போட்டிருக்குது. சோறு எங்க?"

அன்புச்செல்வன் சாமைச் சோற்றுத் தவலையைத் தூக்கிக்கொண்டு வந்தான். "இருப்பா. ஊசி போட்டுனுதான் சாப்புடணும். போட்டுட்டா சாப்டே ஆவணும்" என்று ராஜம்மாள் கையைக் காட்டினார். வரிசையின் முதல் இலைக்கு முன்னால் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே உட்கார்ந்தார். பர்ஸைத் திறந்து, பேனா மாதிரி இருந்த ஊசியை எடுத்தார். அதன் அடியைத் திருகி, கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்து அளவைப் பார்த்தார். கொசுவத்துக்குப் பக்கத்தில் புடவையைக் கொஞ்சம் விலக்கி, உதட்டைக் கடித்துக்கொண்டு வயிற்றில் குத்திக்கொண்டார். எடுத்து மூடினார். பிறகு பக்கத்திலிருந்த சொம்பைச் சாய்த்துக் கையில் தண்ணீர் பிடித்து, இலையில் தெளித்துத் துடைத்தார்.